ஈர நெல்லை மேலே வையுங்கள்!

(தரங்கம்பாடியில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கடைவீதியில் கல்லாவிலேயே தலை நரைத்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். செல்போனிலேயே கடை திறந்து துணிமணி, அத்தர், கருவாடு என்று விற்கிற இளைஞர்களும் இருக்கிறீர்கள். "இன்டர்நெட் வியாபாரமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்கிறார் வாப்பா. "வாப்பா காலத்து வியாபாரம் இனி எடுபடாது" என்கிறார் மகன். நான் இருவருக்கும் சொல்ல வந்திருப்பது ஒன்றுதான். மகனின் கடைக்குத் தேவையான பாடம் வாப்பாவின் கல்லாவில் இருக்கிறது!

எனக்கு நேர்ந்தது

சென்ற வருடம் என் மகளுக்காக ஒரு சிறிய இணையக் கடையில் உடை வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். படத்துக்குக் கீழே விலை 650 ரூபாய் என்று போட்டிருந்தது. வாங்கலாம் என்று அழுத்தினால் பெயர், ஈமெயில், பிறந்த தேதி, பாஸ்வேர்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஓர் உடை வாங்குவதற்கு என் பிறந்த தேதி எதற்கு? எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் விலை 790! அனுப்பும் செலவு 90, பேக்கிங் 50. மகள் ஆசைப்பட்டாள், வாங்கிவிட்டேன்.

வந்த உடை மூன்று விரல் குட்டை. அளவு 'எம்' என்றும் 'எல்' என்றும்தான் இருந்ததே தவிர, எத்தனை அங்குலம் என்று எங்கும் இல்லை. மாற்றித் தரக் கேட்கலாம் என்றால் போன் நம்பர் இல்லை. எழுதிப் போட்டதற்குப் பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' இந்த நிபந்தனை கடையில் எங்கே இருந்தது? கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், இங்கிலீஷில்!

நான் சண்டை போடவில்லை. அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகவும் இல்லை. சகோதரர்களே! ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கடைவீதியில் வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "என்ன பாய், என்ன குறை?" என்று கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். இணையக் கடையை விட்டுப் போகிறவரின் செருப்புச் சத்தம்கூட நமக்குக் கேட்காது.

டென்மார்க் சொல்லும் கணக்கு

நம்மூர்க் கடற்கரையில் நிற்கும் கோட்டையை டென்மார்க்காரர்கள் கட்டியது 1620ல். 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதே டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இன்று பேமார்ட் என்றோர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இணையக் கடைக்கு வருபவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பல ஆய்வுகளைத் தொகுத்து அது சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? வாடிக்கையாளர்கள் பொருள் எடுத்துப் போட்ட கூடைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பணம் கட்டப்படாமல் அப்படியே விடப்படுகின்றன!

சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள் ஏன் போனார்கள்? அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது முதலிடத்தில் வந்த காரணம், கடைசியில் ஏறிய கூடுதல் செலவு. கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது, பொருள் வந்துசேரத் தாமதம், கார்டு விவரத்தைக் கொடுக்க நம்பிக்கை வராதது, திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை சரியில்லாதது ஆகியவையும் பட்டியலில் உள்ளன. எனக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்!

குவியலுக்குள் கை

இதற்கான மருந்தை நாம் கோபன்ஹேகனில் தேட வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம்! மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். முஸ்லிம் ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவம் நம் அனைவருக்கும் தெரிந்ததே.

நாம் நெல் விளையும் சீமைக்காரர்கள். ஈரத்தின் விலை நமக்குத் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று விவசாயியைக் கேளுங்கள். அங்கே அளந்து பார்க்கக் கருவி இருக்கிறது. கடைவீதியில் தொட்டுப் பார்க்கக் கை இருக்கிறது. இணையக் கடையில் வாடிக்கையாளருக்கு என்ன இருக்கிறது? கண்ணாடி மேல் ஒரு விரல். அவ்வளவுதான்! அவர் குவியலுக்குள் கைவிட முடியாது. ஆகவே ஈரத்தை நாமே மேலே எடுத்து வைக்க வேண்டும்.

எப்படி வைப்பது?

முதலாவது, விலை. அனுப்பும் செலவு 60 ரூபாய் என்றால் அதைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி வேண்டாம்.

இரண்டாவது, சரக்கு. உடையா? தோள், நீளம், கை எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். கருவாடா? எத்தனை கிராம், எந்த மீன், எந்தத் தேதியில் பொட்டலம் கட்டியது என்று சொல்லுங்கள். வேறெங்கோ எடுத்த அழகான படம் வேண்டாம். உங்கள் சரக்கைப் பகல் வெளிச்சத்தில் நீங்களே படம் எடுங்கள். ஒரு முறை துவைத்தால் சாயம் கொஞ்சம் போகுமா? அதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, கேள்விகள். பொருள் போய்ச்சேரப் பெயரும் முகவரியும் போன் நம்பரும் போதும். அந்த நம்பர் உங்களிடம் உள்ள அமானிதம். கேட்காமல் விளம்பர வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது அமானித மோசடி!

நான்காவது, மொழி. வாங்குபவர்களில் நம் உம்மாவும் சாச்சியும் இருக்கிறார்கள். தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். பழைய போனிலும் சீக்கிரம் திறக்கும்படி படங்களின் அளவைக் குறையுங்கள்.

ஐந்தாவது, முகவரி. கடையின் பெயர், ஊர், போன் நம்பர், திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை ஆகியவை முதல் பக்கத்திலிருந்தே கண்ணில் படட்டும்.

இவற்றில் பல சட்டமாகவும் இருக்கின்றன. 2020ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விலையைக் கடைசியில் ஏற்றுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் இரண்டே பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது உள்ளிட்ட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். "பெரிய கம்பெனிகளே செய்கின்றனவே" என்பது பதிலாகாது.

யார் வாங்குவார்?

"குறையைச் சொன்னால் யார் வாங்குவார்?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சிலர் வாங்க மாட்டார்கள்தான். ஆனால் தெரிந்து வாங்கியவர் திருப்பி அனுப்ப மாட்டார். சரக்கு திரும்பி வந்தால் போகும் கூலியும் வரும் கூலியும் யார் தலையில்? பெரிய நிறுவனம் அந்த நஷ்டத்தைத் தாங்கும். ஐம்பதாயிரம் முதலோடு தொடங்கிய நம் பிள்ளை தாங்குவானா? விளம்பரத்துக்குக் கொட்ட அவனிடம் பணமில்லை. அவனுக்கிருக்கும் ஒரே முதல் நல்ல பெயர். அது போனால் கடையும் போகும். பிறகு கைசேதப்பட்டு என்ன பயன்?

ஐந்து பேர் போதும்

டென்மார்க்கில் பிறந்த இன்னொருவர், ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர், 2000ல் எழிய வழி ஒன்றைச் சொன்னார். ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்றார். இதற்குக் காசு செலவில்லை. உம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மீன் விற்கும் அண்ணன் என ஐந்து பேரிடம் போனைக் கொடுத்து, "நம்ம கடையில ஒரு பொருள் வாங்குங்க" என்று சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள்! எங்கே விரல் நிற்கிறது, எங்கே புருவம் சுருங்குகிறது என்று மட்டும் பாருங்கள். விரல் நின்ற இடத்தில்தான் உங்கள் வியாபாரமும் நிற்கிறது.

பெரியவர்களே! அந்த ஐந்து பேரில் முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள். வாடிக்கையாளரின் முகத்தைப் படித்துப் பழகியவர்கள் நீங்கள். இளைஞர்களே! வாப்பா சொல்லும் குறையைக் கேட்டுக் கோபப்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் இதைத் தொடங்குங்கள். அடுத்த முறை நாம் சந்திக்கும்போது எத்தனை பேர் கடையைத் திருத்தினீர்கள் என்று கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.

நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.