சொல்லியனுப்புகிறோம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் எத்தனை பேரைப் பள்ளிக்கு அனுப்பியது, எத்தனை பேரைக் கல்லூரிப் படி ஏற்றியது என்பதைச் செயலாளர் தம் அறிக்கையில் விரிவாகக் கூறினார். பெருமைப்படத்தக்க கணக்கு அது. ஆயினும், பட்டம் பெற்றபின் அப்பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கதை அவ்வறிக்கையில் இல்லை. அது செயலாளரின் குறையன்று. எழுதுவதற்கு ஆவணமே கிடையாது. வேலை கிடைத்தவரிடம் நியமன ஆணை இருக்கும். கிடைக்காதவரிடம் ஒரு துண்டுத் தாளும் இருப்பதில்லை. அந்த இல்லாத தாளைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பிய எவரை வேண்டுமானாலும் கேளுங்கள். "என்ன சொன்னார்கள்?" என்றால், "சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்" என்பதே விடையாக இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் சிற்றுண்டி அருந்திவிட்டு, "ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம்" என்று எழுந்திருப்பார்கள் அல்லவா? பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதன் பொருள் அப்போதே விளங்கிவிடும். வேலை தேடும் பிள்ளைக்கு விளங்குவதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன.

நம் இரவுப் பாடசாலையில் பயின்று, வணிகவியலில் பட்டம் பெற்ற ஒரு பெண்ணின் நிலையை நாங்கள் அருகிருந்து கண்டோம். பெயர் கூறுவது முறையன்று. அவர் இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார். அருகிலுள்ள நகரத்தில் ஒரு தனியார் நிறுவனம் கணக்கர் பணிக்கு அவரை அழைத்தது. அன்று அவருடைய தந்தை வேலைக்குச் செல்லவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம், சான்றிதழ்ப் படிகள், அடுத்த வீட்டிலிருந்து இரவல் பெற்ற செருப்பு என்று அக்குடும்பம் முழுவதுமே அந்த நேர்முகத் தேர்வுக்குச் சென்றது எனலாம். பத்து நிமிடம் பேசினார்கள். கேட்டவற்றுக்கெல்லாம் சரியாகவே விடை கூறியதாக அவர் எங்களிடம் சொன்னார். "சொல்லியனுப்புகிறோம்" என்றார்கள்.

அதன்பின் அவ்வீட்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் மின்னேற்றம் குறையாமல் பார்த்துக்கொள்வது தம்பியின் வேலையாயிற்று. அத்தை வீட்டுத் திருமணத்திற்குச் செல்லத் தாயார் மகளை விடவில்லை. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு முறை அப்பெண்ணே நிறுவனத்திற்குத் தொலைபேசியில் பேசினார். "மேலிடத்தில் இருக்கிறது" என்றார்கள். மூன்றாம் முறை எவரும் எடுக்கவில்லை. ஏழு மாதங்களுக்குப் பிறகு அவர் தமக்குத் தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்: தம் ஆங்கிலம் போதாது, தாம் இத்தகைய அலுவலகங்களுக்கு உரியவர் அல்லர். அதன்பின் ஒன்றரை ஆண்டுக் காலம் அவர் ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை.

உண்மை பின்னரே வெளிப்பட்டது. அங்குப் பணிபுரிந்த ஒருவர் தற்செயலாகக் கூறினார். நேர்முகத் தேர்வு நடந்த அதே வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரை மாற்றி அனுப்பி அவ்விடத்தை நிரப்பிவிட்டார்களாம். வந்திருந்த ஒருவரையும் அவர்கள் எடுக்கவில்லை. அப்பெண்ணின் ஆங்கிலத்திற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. "பணியிடம் நிரம்பிவிட்டது" என்ற இரண்டு சொற்களை ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒன்றரை ஆண்டு வீணாகியிராது.

எல்லா மௌனத்திற்கும் சாதியே காரணம் என்று கூற நாங்கள் வரவில்லை. அவ்வாறு கூறினால் உண்மைக்கு மாறாகும். நமக்கும் பயன் தராது. ஓர் இடத்திற்கு இருநூறு விண்ணப்பங்கள் வருகின்றன. முதலாவதாகத் தேர்ந்தவர் வந்து பணியில் சேரும்வரை, இரண்டாமவரிடம் 'இல்லை' என்று சொல்ல முதலாளிக்கு மனம் வருவதில்லை. முதலாமவர் வராமற்போனால் இவர் தேவைப்படுவார். முதலாமவர் சேர்ந்துவிட்டால் இரண்டாமவரை அனைவரும் மறந்துவிடுகின்றனர். காரணத்தை எழுதிக் கொடுத்தால் பின்னர் வழக்காகுமோ என்ற அச்சம் வேறு. முன்னாளில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு அச்சிட்ட வருத்தக் கடிதமாவது சில அலுவலகங்களிலிருந்து வரும். இன்று கணிப்பொறியே அனுப்பும் மின்னஞ்சல் வருகிறது. மறுமொழி எழுதினால் ஏற்கப்படாது என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பாலான இடங்களிலிருந்து அதுவும் வருவதில்லை.

ஆனால் நமக்கு மட்டும் இந்த மௌனத்தின் சுமை இரட்டிப்பாகிறது. பிறர் மறுக்கப்பட்டால், 'திறமை போதவில்லை போலும், அல்லது சிபாரிசு இல்லை போலும்' என்று எண்ணி அடுத்த இடத்தைத் தேடுவர். நம் பிள்ளை மறுக்கப்பட்டால் மூன்றாவது ஐயமும் எழுகிறது. அந்த ஐயம் பொய்யென்று மெய்ப்பிக்கவும் வழியில்லை. மெய்யென்று மெய்ப்பிக்கவும் வழியில்லை.

அது வெறும் ஐயமன்று என்பதற்குச் சான்று உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு நடத்தி, 2007 இல் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி' இதழில் வெளியிட்டனர். 66 வாரங்களில் தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். கல்வித் தகுதி ஒன்றே. பெயர்கள் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும், இசுலாமியப் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. முகம் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. தாளில் உள்ள பெயரே போதுமானதாயிற்று.

"தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னே சாதி இல்லையே" என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். உண்மையே. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் களையத் தீர்மானித்தது. அதன் பயனை இன்றும் நுகர்கிறோம். ஆனால் பெயர் சொல்லாததை நேர்முகத் தேர்வில் வேறு வழியாகக் கேட்கிறார்கள். "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்?" கணக்கெழுதும் வேலைக்கு ஊரில் எந்தப் பக்கம் என்பது எதற்கு? அதே 2007 இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் பெருநிறுவனங்களின் பணியாளர் துறை மேலாளர்கள் 25 பேரிடம் பேசி ஓர் ஆய்வு எழுதினர். திறமை ஒன்றையே பார்ப்பதாகக் கூறிய அம்மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதும் தேவையென்று கருதினர். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இத்தகைய கேள்விகளை உச்ச நீதிமன்றமும் ஒருமுறை கண்டித்திருக்கிறது. சிறீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கு அது. தீர்ப்பு 1980 நவம்பரில் வந்தது. அங்கு 150 மதிப்பெண்ணில் 50 நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடமே பேசியதாகவும், பெற்றோரையும் இருப்பிடத்தையும் பற்றியே கேட்டதாகவும் மனுதாரர் கூறினர். அவ்வாறாயின் அத்தேர்வே பழுதுபட்டது என்றது நீதிமன்றம். நேர்முகத்திற்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையாகும் என்றும், அதனை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. ஒலிப்பதிவுக் கருவி அரிதாக இருந்த காலத்திலேயே அவ்வாறு கூறினர். இன்று அக்கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நேர்முக அறைக்குள் மட்டும் அதனை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள்!

மைய அரசு, தன் பணிகளில் 'சி' பிரிவுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுக்கும் 2016 சனவரி 1 முதல் நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. எழுதிய தேர்வின் மதிப்பெண்ணே முடிவு செய்யும். நம்மைப் போன்றோர்க்கு நல்லதென்றே கருதுகிறோம்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்தும் இயக்ககம் அக்காலத்தில்தான், 1945 இல், அமைந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென எழுந்த அது 1948 இல் அனைவருக்கும் திறந்தது. 1959 ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வைத்திருந்த தனியார் முதலாளியும் காலியிடத்தை அவ்வலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அனுப்பப்பட்டவரை ஏன் எடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லும் கடமையை அது விதிக்கவில்லை.

இனி நாம் செய்யக்கூடியது யாது? அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், அரசு வங்கி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மறுக்கப்பட்டவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிருவாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்க்குத் தெரிவிக்குமாறு அரசு அமைப்புகளைப் பணிக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பம் எழுதினால் 30 நாளில் விடை வரவேண்டும். வராவிடில் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையேல் தகவல் ஆணையம். "எனக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை?" என்று எழுதாதீர்கள், அதற்கு மழுப்பலான விடையே வரும். எழுத்துத் தேர்வில் தம் மதிப்பெண் எவ்வளவு, நேர்முகத்தில் எவ்வளவு, தம் பிரிவில் இறுதியாகத் தேர்ந்தவர்க்குரிய மதிப்பெண் எவ்வளவு, ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று எழுதி ஒதுக்கீட்டு இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் அது கடைசிக் கேள்வியில் வெளிப்பட்டுவிடும். நேர்முகம் நடத்தியோரின் பெயர்களை மட்டும் தர வேண்டியதில்லை என்று 2012 இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதைக் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டா.

தனியார் துறையில் நிலைமை வேறு. காரணம் கூறு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 25 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், விளம்பரம் செய்த பணிக்கு நேர்முகம் கண்டவரிடம் முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்பதை 45 நாளில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. காரணம் கூற வேண்டும் என்று அங்கும் இல்லை. எனினும் ஒரு தாய் தன் மகளைத் திருமணத்திற்கு அனுப்பலாமா என்று ஏழு மாதம் தவிக்க வேண்டியிராது.

அத்தகைய விதி இங்கு வரும்வரை ஒரு சிறு முயற்சியைக் கழகம் மேற்கொண்டுள்ளது. அலுவலகத்தில் ஒரு பெரிய கணக்கேடு வைத்திருக்கிறோம். நேர்முகத்திற்குச் சென்று வந்தவர் அன்று மாலையே வந்து, எந்தப் பணி, எத்தனை நிமிடம், என்ன கேட்டார்கள், என்ன விடை சொன்னீர்கள் என்று எழுத வேண்டும். பதினைந்து நாள் கழித்து, முடிவைத் தெரிவிக்குமாறு பணிவான கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும். படி எடுத்து ஏட்டில் ஒட்ட வேண்டும். விடை வருவது அரிதுதான். ஆயினும் நேர்முகம் முடிந்த முப்பதாம் நாள் நீங்கள் அடுத்த விண்ணப்பத்தை எழுதியாக வேண்டும் என்பது எங்கள் விதி. முன்னே கூறிய பெண்தான் இப்போது அந்த ஏட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இன்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். எழுத மறந்தவரை அவர் எளிதில் விடுவதில்லை.

இவ்வளவும் பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் இரவுப் பாடசாலைக்கு ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க நாங்களே நேர்முகத் தேர்வு நடத்தினோம். பதினொருவர் வந்தனர், அனைவரும் நம் பிள்ளைகளே. ஒருவரை எடுத்தோம். எஞ்சிய பத்துப் பேரிடம் நாங்கள் சொன்னது என்ன தெரியுமா? "சொல்லியனுப்புகிறோம்" என்றோம்! மூன்று வாரம் கழித்து அவர்களுள் ஒரு தம்பி கழக வாயிலில் வந்து நின்றார். உள்ளே வரவும் தயங்கினார். "வேண்டாம்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா, நான் செங்கல் சூளை வேலைக்காவது போயிருப்பேன்" என்றார். எங்களுள் ஒருவராலும் அவருக்கு விடை கூற இயலவில்லை. நேரமில்லை என்றும், யார் எழுதுவது என்று முடிவாகவில்லை என்றும் எங்களுக்குள் பின்னர் பேசிக்கொண்டோம். முதலாளிகள் சொல்லும் காரணங்களே அவை.

சென்ற மாதச் செயற்குழுவில் இதனைப் பேசித் தீர்மானம் நிறைவேற்றினோம். இனிக் கழகம் நடத்தும் எந்தத் தேர்விலும், உதவித்தொகைக்கானாலும் பணிக்கானாலும், வந்தவர் ஒவ்வொருவருக்கும் பத்து நாளுக்குள் கையொப்பமிட்ட கடிதம் செல்லும். எடுக்கப்படாதவர்க்குக் காரணமும் அதில் இருக்கும். அந்தப் பத்துப் பேருக்கும், காலம் கடந்ததெனினும், கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒன்பது கடிதங்கள் அஞ்சலில் சேர்ந்துவிட்டன. செங்கல் சூளை என்று சொன்ன அந்தத் தம்பி மட்டும் முன்பிருந்த வீட்டில் இல்லை. அவர் இருக்குமிடம் அறிந்தவர் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். கடிதம் அவர் மேசையில் இருக்கிறது.