ஏட்டில் இருந்தும் அகப்படாத பெயர்கள்



விபரங்களை ஒழுங்காகத் திரட்டி வைப்பது நம்மூருக்குப் புதிய காரியமன்று. 1913 ஆம் ஆண்டு கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள், தமிழியல் நூல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நூற்பட்டியலை 1966 இல் வெளியிட்டார். இன்று அத்தகைய பட்டியல்கள் கணினியிலே தரவுத்தளங்களாக விளங்குகின்றன. 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கார் கொட் வகுத்த நெறிப்படி, விபரங்கள் நிரையும் நிரலுமுள்ள அட்டவணைகளில் அமையும். நாம் எஸ்.கியூ.எல். மொழியில் வினவ, விடை வரும்.

1990 இன் பின் தீவகத்து மக்கள் பல திசைகளிலும் சிதறினர். அவர்களை ஊருடன் பிணைப்பவற்றுள் பெயர்ப் பதிவேடும் ஒன்று. அதில் ஒருவர் பெயர் இருந்தும் அகப்படாவிடின், அவர் இல்லாதவர் போலாகிவிடுகிறார். ஆதலால், விடை பிழைப்பது ஏன் என அறிவது நம் கடமையாகும்.

முதலாவது, எழுத்து. 'கரம்பொன்' என்பதிலுள்ள 'பொ'வைக் கணினியில் இரு வகையாகப் பதியலாம். ஒகரக் குறி ஒரே எண்ணாக இருக்கலாம். அல்லது கொம்பும் அரவும் தனித்தனி எண்களாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள்! பதியும்போதே யூனிக்கோட்டின் என்.எப்.சி. வடிவுக்கு மாற்றிவிடுவதே மருந்து.

இரண்டாவது, வெற்றிடம். 100 பேருள்ள ஏட்டில் 60 பேர் கரம்பொன், 30 பேர் பிறவூர், 10 பேருக்கு ஊர் எழுதப்படவில்லை என்போம். 'கரம்பொன் அல்லாதோர் யார்?' என்று கேட்டால் 30 பேரே வருவர். வெற்றிடம் 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. அந்தப் பத்துப் பேரையும் தனியே கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு. ஒருவர் மூன்று முறை சந்தா செலுத்தியிருந்தால், இரு அட்டவணைகளையும் இணைக்கும்போது அவர் பெயர் மூன்று முறை வரும். அதை மூன்று அங்கத்தவரென எண்ணலாகாது.

இனித் தாமதம். சுட்டி இல்லாத ஏட்டைக் கணினி முதல் நிரையிலிருந்து கடைசி நிரைவரை புரட்டும். கிளைக்கு நூறாகப் பிரியும் மரம்போன்ற சுட்டி இருந்தால், பத்து இலட்சம் பெயர்களில் ஒன்றை மூன்றே படிகளில் எட்டலாம். ஆனால் 'நாதன் என்று முடியும் பெயர்கள்' எனக் கேட்டால் அச்சுட்டி உதவாது. அகராதியிற் கடைசி எழுத்தை வைத்துச் சொல் தேடுவார் உண்டோ? எல்லா நிரலுக்கும் சுட்டி இடுவதும் தகாது. புதுப்பதிவு ஒவ்வொன்றுக்கும் அத்தனை சுட்டிகளையும் திருத்தவேண்டி வரும்.

எனவே விடை பிழைத்தால், நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் தொகையை எண்ணிப் பார்ப்போம். எந்த நிபந்தனையை நீக்கியதும் தொகை சரியாகிறதோ, பிழை அங்கேயே உள்ளது. விடை தாமதித்தால், 'எக்ஸ்பிளெயின்' என்ற கட்டளையால் கணினி செல்லும் வழியைக் கேட்டறிவோம். அதன் பின்னரே சுட்டி இடுவோம்.

இளைஞர்களே! கணினி நாம் கேட்டதற்கே விடை சொல்லும். நாம் கேட்க நினைத்ததற்கன்று. மூத்தோர் ஊரையும் உறவையும் அறிவர். நீங்கள் கணினியை அறிவீர்கள். இருவரும் ஒருங்கிருந்து ஏட்டைச் சரிபார்த்தால், நம்மவர் ஒருவர் பெயரும் தவறிப்போகாது.