ஊர் எல்லை நகர்ந்தால் மாடு எங்கே போகும்?



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. வீட்டிலும் கொல்லையிலும் நாம் வளர்க்கிற பசு, ஆடு, கோழி இவற்றுக்கு உள்ள விதிமுறைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"கொல்லையிலே நாலு கோழி வளர்க்க ஒரு சட்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். காஞ்சிபுரத்தைச் சுற்றி இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 2011-ல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை முதலிய பகுதிகள் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்க்கப்பட்டன. 2021-ல் அந்த நகராட்சி மாநகராட்சி ஆயிற்று. மாடு கட்டின இடத்திலேதான் நிற்கிறது. ஊர் எல்லைதான் நகர்ந்து வந்து அதைத் தாண்டிப் போய்விட்டது. ஊராட்சிக்கு ஒரு விதி, நகரத்துக்கு ஒரு விதி. எந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று தெரியாமலே பலபேர் இருக்கிறார்கள்.

அண்மையில் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இரண்டு கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி. பக்கத்து மனையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர் புகார் எழுதிப் போட, இவர் கைக்கு நோட்டீசு வந்துவிட்டது. "எங்க தாத்தா காலத்திலேருந்து இங்கே மாடு கட்டறோமுங்க. நேத்து வந்தவர் சொன்னா நான் வித்துடணுமா?" என்று கேட்டார். மாட்டை விற்க வியாபாரியிடம் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவியோ, "பால் காசும் முட்டைக் காசும் போனா என் சிறுவாட்டுக்கு என்ன வழி?" என்று ஒரே வருத்தம்.

நேரில் போய்ப் பார்த்தேன். மாட்டு மூத்திரம் தெருச் சாக்கடையில் ஓடுகிறது. சாணக்குவியல் பக்கத்து வீட்டுக் கிணற்றை ஒட்டி இருக்கிறது. எதிர்வீடு நெசவாளர் வீடு. விடியற்காலையில் அவர்கள் தெருவிலே பட்டுப் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிற நேரத்தில் இவர் வீட்டுக் கோழிகள் பாவுக்குக் கீழே கிளறிக்கொண்டிருக்கின்றன. பட்டிலே ஒரு கறை பட்டால் அந்த நெசவாளியின் கூலியில் கைவைத்த மாதிரி. இவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-ல் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெற்று வளர்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிறகு 2023 ஏப்ரல் 13 முதல், நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் பொதுவான தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நகர எல்லைக்குள் இருப்பவர்கள் புதிதாகக் கொட்டில் போடுவதற்கு முன் அலுவலகத்துக்குப் போய் சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, "எனக்கு உரிமம் வேண்டுமா? எத்தனை உருப்படி வைக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். வாயால் கேட்டால் மட்டும் போதாது. மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

மாட்டைத் தெருவில் விடுவது தனி விஷயம். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிவிட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கியெறிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி, தெருவில் பிடிபடும் மாட்டுக்கு 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 5,000 ரூபாயாக்கியது. இரண்டாம் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் என்றும் அப்போது வைத்தது. கறந்துவிட்டு மாட்டைத் தெருவில் ஓட்டிவிடும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. பல நாள் பால் காசு ஒரே நாளில் போய்விடும்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைக்கிற சட்டம் 1871-லேயே வந்தது. பிறர் பயிரை நம் மாடு மேய்ந்தால் பொறுப்பு நம்முடையது என்பது நமக்குப் புதிது அல்லவே! தொழிலாகப் பெரிய கோழிப்பண்ணை வைப்பவர்கள், 5,000 கோழிக்கு மேல் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் பெற வேண்டும். நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உரிமம் கையில் இருந்தாலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருந்தால் புகார் வரத்தான் செய்யும். அதற்கு வழி நம் கையில் இருக்கிறது.

முதலாவது, இடம். ஒரு பசுவுக்குக் கூரைக்கு அடியில் ஏறக்குறைய 40 சதுர அடி வேண்டும். தரையைக் கெட்டியாகப் போட்டு, மூத்திரம் ஓட வாட்டம் கொடுத்து, தெருச் சாக்கடைக்கு விடாமல் எருக்குழிக்கோ தென்னைக்கோ திருப்புங்கள். நல்ல உரம் வீணாகப் போவதும் நிற்கும்.

இரண்டாவது, சாணம். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். நம் வெயிலில் ஈ முட்டையிட்டுப் புது ஈ பறந்து வர ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகிறது. ஆகவே வாரத்துக்கு இரண்டு தடவையாவது அள்ளி எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். குழி கிணற்றுக்குத் தள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது, கோழி. இராத்திரி அடைக்கக் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி போதும். அடியில் உமியோ கடலைத் தொட்டியோ பரப்பி, ஈரமானால் மாற்றி, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். எதிர்வீட்டில் பாவு போடுகிற நாளில் வெயில் ஏறுகிற வரைக்கும் பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வையுங்கள். நெசவாளர் வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நான்காவது, தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் ஒரு வீட்டில் புகுந்தால் தெருவையே காலி செய்துவிடும். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தெருவில் எல்லோரும் ஒரே நாளில் போட்டால்தான் முழுப் பலன்.

ஐந்தாவது, செத்த கோழி. ஏரியிலோ குளத்திலோ குப்பையிலோ எறியாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2006-ல் மகாராஷ்டிராவில் நவாப்பூரில்தான் நம் நாட்டில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

அந்த விவசாயி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வியாபாரியைத் திருப்பி அனுப்பினார். எருக்குழியைக் கொல்லைக் கோடிக்கு மாற்றி, மூத்திரத்தைத் தென்னைக்குத் திருப்பினார். நோட்டீசுக்குப் பதிலாக, செய்த வேலையை எல்லாம் எழுதிக் கொடுத்து, வந்து பார்வையிடும்படி கேட்டுக்கொண்டார். பார்த்துவிட்டுப் போனார்கள். புகார் எழுதியவர் வீட்டுக்கும் இப்போது இவர் வீட்டுப் பால்தான் போகிறது.

நோட்டீசு வந்தால் பயந்து மாட்டை விற்காதீர்கள். கோபத்தில் கிழித்தும் போடாதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ஊர் இன்னும் வளரும், எல்லை இன்னும் நகரும். நம் வீட்டு மாடும் கோழியும் பிறருக்குத் தொல்லை தராமல் இருந்தால், நகரத்துக்குள்ளும் அவற்றுக்கு ஓர் இடம் கேட்க நமக்கு வாய் இருக்கும்.