வாயைத் திறக்கச் சொல்லும் முன்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. வருகிறவர் வாயைத் திறந்துவிட்டால் பேச முடியாது. ஆகவே பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசியாக வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. பல் எடுக்க, அடைக்க, செட் கட்ட எல்லாம் செய்து செய்து பழகுகிறோம். பேசுவதை மட்டும் ‘தானா வந்துடும்’ என்று விட்டுவிடுகிறோம். தானா வராது தம்பி!

1984-இல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் அமெரிக்காவில் மருத்துவர், நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும், சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டாராம். அது பொது மருத்துவம். நம் ஓ.பி.யில் எத்தனை வினாடி என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

“மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமாமே?” என்று ஒரு பாட்டி கேட்பார். சிரித்தால் போச்சு! அடுத்து, கன்னம் வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் வருவார். “பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்கான நரம்பு வேற பாட்டி” என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஐந்தாம் கபால நரம்பு, இரண்டாம் கபால நரம்பு என்று நெட்டுருப் போட்டது இதற்குத்தானே?

குழந்தைகளுக்காக 1959-இல் ஆடல்ஸ்டன் வகுத்த ‘சொல், காட்டு, செய்’ முறையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். ஏரோட்டாரைக் கையில் எடுக்கும்போது அது நினைவுக்கு வர வேண்டாமா? பெரியவர்களிடமும், “வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தூக்கினால் கட்டாயம் நிறுத்துங்கள். அங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது.

கோட்டா முடிக்கும் அவசரம் எனக்கும் தெரியும். எத்தனை பல் எடுத்தோம் என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். அவர் திரும்பி வந்தாரா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ரூட் கெனாலில் முதல் சிட்டிங்கிலேயே வலி நின்றதும் பலர் வராமல் போகிறார்கள். வலி நின்றாலும் வேலை முடியவில்லை என்று அவருக்கு விளக்கியிருக்கிறோமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடும் முன், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “இன்னிக்கு என்ன பண்ணாங்க? அடுத்து எதுக்கு வரணும்?” பதில் சரியாக வந்த பிறகே பேனாவைத் திறங்கள். கிளினிக் நடத்தும் நண்பர்களே, விடுமுறையில் இரண்டு மாணவர்களை, நோயாளியின் சம்மதத்தோடு, பக்கத்தில் உட்காரவையுங்கள். கட்டணத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள், வெற்றிலை புகையிலை போடும் பெரியவரிடம் வாயிலுள்ள வெள்ளைத் திட்டைப் பற்றி எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் பார்க்கட்டும். இதைப் புத்தகத்தில் படித்து வராது. பக்கத்தில் இருந்து பார்த்து, தானே செய்து, திருத்தப்பட்டுத்தான் வரும்.