கைத்தொழிலும் கைத்தாளும்

1969ஆம் ஆண்டை நம் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் 'பெர்மிட்' வேண்டும் என்றானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பலர், ஆண்டுக் கணக்கில் மரம் சீவியும், வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். கையில் தொழில் இருந்தது. காட்டத் தாள் இல்லை.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஈப்போ பட்டறைகளில் வெல்டராகவும் மெக்கானிக்காகவும் இருக்கிறார்கள். சிலர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்க நினைக்கிறார்கள். புள்ளி முறையில் விண்ணப்பிப்பவருக்கு வயது 45க்குக் கீழ் இருக்க வேண்டும். குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். ஆங்கிலத் தேர்வும் தொழில்திறன் மதிப்பீடும் உண்டு. 65 வந்தாலே அழைப்பு வந்துவிடும் என்பதும் இல்லை.

ஆகவே நாம் இன்றே தொடங்குவோம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கடப்பிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். பிழை இருந்தால் பதிவிலாகாவுக்குப் போவோம். வேலையை விட்டு விலகும்போது, என்ன வேலை செய்தோம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று முதலாளியிடம் கடிதம் வாங்குவோம். சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் எறியாமல் சேர்த்து வைப்போம்.

"அனுபவக் கடிதம் நான் செய்து தருகிறேன்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். பொய்க் கடிதம் பிடிபட்டால் விசா மறுக்கப்படும். மூன்று ஆண்டுகளுக்குக் கதவு அடைபடலாம்.

போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம். தாள் இல்லாமல் நிற்கும் நிலை மட்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.