கப்பலை நம்பி வாழ்ந்த தீவு
சென் ஹெலினாவின் பொருளாதாரம் பற்றி வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை



சென் ஹெலினா என்ற பெயரைக் கேட்டவுடன் நெப்போலியனை நினையாதார் நம்மிடையே இரார். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் அம்மன்னனுடைய கதையின் கடைசிப் பக்கத்திலேதான் அத்தீவை நாம் கண்டோம். 1815 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அவன் அங்கே கொண்டுபோய் விடப்பட்டான். 1821 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள் லோங்வூட் இல்லத்தில் இறந்தான். பக்கம் முடிந்தது, தீவும் நம் நினைவைவிட்டு அகன்றது. ஆனால் மன்னன் மாண்ட பின்னரும் அத்தீவிலே மனிதர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் எதை விளைவிக்கின்றனர், எதை விற்கின்றனர், நோய் வந்தால் எங்கே செல்கின்றனர், அவர்களுடைய வரவு செலவை எழுதும் கை யாருடைய கை என்பனவற்றைப் பற்றியே இன்று உங்கள் முன் பேச எண்ணியுள்ளோம்.

தேசப்படத்தை விரித்துத் தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே விரலை வையுங்கள். ஆபிரிக்காக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,200 மைல். மறுபுறம் தென் அமெரிக்கக் கரையோ அதனினும் வெகு தூரம். எரிமலை கக்கிய பாறையாலான அத்தீவின் பரப்பு 47 சதுர மைல். கடலிலிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்தான கருங்கற் சுவரன்றி வேறொன்றும் தோன்றாது. சுவரின் இடுக்கொன்றிலே, குறுகிய பள்ளத்தாக்கில், ஜேம்ஸ்ரவுண் என்னும் தலைநகர் ஒடுங்கிக் கிடக்கிறது. நகரிலிருந்து மேட்டுக்கு ஏறுவதற்கு 699 படிகள் கொண்ட ஏணிப்பாதை ஒன்றுண்டு. 1829 ஆம் ஆண்டில் சாமான்களை இழுத்தேற்றுவதற்காக அமைத்த சரிவுப்பாதையின் மிச்சம் அது. தாழ்ந்த நிலம் வறண்டது. நடுவே 800 மீற்றருக்கு மேல் உயர்ந்த டயனா சிகரத்தைச் சூழ்ந்த மலைமுகட்டில் முகில் வந்து தங்கும். முகிலின் ஈரத்தை இலைகளிலே பிடித்துத் துளித்துளியாய் நிலத்துக்குக் கொடுக்கும் காடுதான் தீவின் குடிநீருக்கு ஆதாரம்.

1502 ஆம் ஆண்டு போத்துக்கேயர் கண்டபோது அங்கே மனித வாடையே இல்லை. முதற் குடியானவன் கதை விசித்திரமானது. கோவாவிலே தன் மதத்தைவிட்டு எதிரிகளுடன் சேர்ந்தான் என்ற குற்றத்துக்காக மூக்கும் காதும் கையும் சிதைக்கப்பட்ட பெர்னாவோ லோபெஸ் என்னும் போர்வீரன், தாய்நாட்டுக்கு முகங்காட்ட மனமின்றி, போகும் வழியில் இத்தீவிலே இறங்கி ஒளிந்தான். பல்லாண்டு தனித்திருந்து மரக்கன்று நட்டான். வந்த கப்பல்களெல்லாம் அவனுடைய தோட்டத்துக் கனியை உண்டு சென்றன. தீவின் பொருளாதாரம் இன்னதென்று அந்த அங்கவீனனே அன்று காட்டிவிட்டான். போகிற வருகிற கப்பலுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுப்பது ஒன்றே அதன் தொழில்.

1659 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி அங்கே குடியேறியது. இந்தியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் பட்டும் தேயிலையும் ஏற்றித் திரும்பிய கப்பல்கள் அங்கே நின்று இளைப்பாறின. வயலில் வேலை செய்ய மடகஸ்காரிலிருந்தும், ஆபிரிக்காவிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தனர். பின்னர் சீனத்துக் கூலிகளும் வந்தனர். இவர்கள் அனைவருடைய இரத்தமும் கலந்தே இன்றைய சென் ஹெலினா மக்கள் உருவாயினர். சென்னையிலே கோட்டை கட்டிய அதே கம்பனிதான் அங்கும் ஆண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1834 ஆம் ஆண்டில் கம்பனியிடமிருந்து தீவை முடி ஏற்றுக்கொண்டது. முடி ஏற்றது தீவை. கம்பனி செய்துவந்த செலவையன்று! சிப்பந்திகள் நீக்கப்பட்டனர், சம்பளம் குறைந்தது, பலர் தென் ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினர். 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பலும் பெருகிற்று. முன்னொரு காலத்தில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் அளவில் கப்பல் கண்ட துறை வெறிச்சோடியது. எங்கோ ஒரு பாலைவனத்திலே வெட்டிய வாய்க்கால், அதிலிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவின் அடுப்பை அணைத்தது. அத்தீவாரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா?

காய்கறி விற்க வழியற்றபோது எஞ்சியிருந்த சரக்கு ஒன்றே, அதுதான் தனிமை. தனிமைக்கும் வாடிக்கையாளர் இருந்தனர். சூலு மன்னன் டினுசூலுவை 1890 முதல் 1897 வரை அங்கே வைத்தனர். 1900 ஆம் ஆண்டு தொடங்கி, தென் ஆபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஆறாயிரம் பேரளவில் வந்திறங்கினர். அதே போரின் கைதிகள் ஆயிரக்கணக்கானோர் இலங்கையிலே தியத்தலாவை முகாமிலும் அடைக்கப்பட்டிருந்தனர் என்பதை இங்குள்ள முதியோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1957 இலும் பஹ்ரெய்ன் நாட்டு அரசியல் கைதிகள் மூவர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1961 இல் நீதிமன்றத்தின் தலையீட்டினால் விடுதலையாயினர். கைதியும் காவற்படையும் வந்தால் கடையிலே பணம் புழங்கும். அவர்கள் போய்விட்டால் பழைய வறுமை. பிறருடைய சிறையினால் வயிறு வளர்ப்பது ஒரு நாட்டுக்குப் பெருமையன்று. ஆயினும் அக்குற்றம் தீவாரைச் சார்ந்ததன்று.

அடுத்து நார்த்தொழில். நியூசிலாந்திலிருந்து வந்த ஒருவகை நார்ச்செடியை மலையெங்கும் நட்டு, ஆலையில் அடித்து, நாரும் கயிறும் ஏற்றுமதி செய்தனர். 1907 ஆம் ஆண்டில் அரசாங்க ஆலை தொடங்கியபின் இத்தொழில் அரை நூற்றாண்டுக்கு மேல் தீவைத் தாங்கியது. பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் கடிதக் கட்டுகளைக் கட்டிய சணல் இத்தீவின் நாரிலிருந்து வந்ததாகும். பின்பு செயற்கை நார் புறப்பட்டது. தபாற் பகுதியார் வாங்குவதை நிறுத்தினர். கூலியும் கப்பற் சத்தமும் ஏறின. 1966 இல் ஆலைகள் மூடப்பட்டன. ஒரு கந்தோர் தன் கயிற்றை மாற்றியது. ஒரு நாடு தன் ஏற்றுமதியை இழந்தது. ஒற்றைப் பயிரை நம்பியோர்க்கு நேர்வது இதுவே. அன்று நட்ட செடியோ இன்றும் மலையைவிட்டு அகலவில்லை. முகில் பிடிக்கும் பழைய காட்டை நெருக்கி நிற்கும் அதனை வெட்டி, நாட்டு மரங்களை மீண்டும் நடுவதற்கு இன்று பணம் செலவாகிறது. இலாபம் கடல் கடந்தது, செடி தங்கிவிட்டது.

1966 க்குப் பின் தீவு என்ன செய்தது? சிறிது மீன், சிறிது கோப்பி, வெளிநாட்டுத் தபால் முத்திரைப் பிரியருக்கு விற்ற முத்திரை, அசென்சன் தீவிலும் போக்லாந்துத் தீவுகளிலும் கூலிக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணம், இவற்றுக்கு மேலாக இலண்டனிலிருந்து ஆண்டுதோறும் வரும் மானியம். உண்ணும் உணவின் பெரும்பகுதி தென் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. உழைக்கும் வயதினர் வெளியே. பாட்டன் பாட்டியும் பேரப்பிள்ளையும் உள்ளே. கடல் கடந்து உழைக்கும் மக்களை உடையோர்க்கு அந்த வீட்டின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவோடும் நில்லாமல் குடியுரிமையிலும் கைவைத்தனர். 1673 ஆம் ஆண்டிலே இரண்டாம் சாள்ஸ் மன்னன் வழங்கிய பட்டயம், இத்தீவில் வாழ்வோரும் அவர்தம் பிள்ளைகளும் இங்கிலாந்திற் பிறந்தோருக்குள்ள உரிமைகளை உடையோர் என்று கூறிற்று. 1981 ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சார்புப் பிரதேசத்தார் ஆக்கி, பிரித்தானியாவிலே தங்கி வாழும் உரிமையை மறுத்தது. போக்லாந்துத் தீவாருக்கும் முதலில் இதே கதிதான். ஆனால் 1982 இல் அங்கே யுத்தம் மூண்டது; மறு ஆண்டே அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. சென் ஹெலினாவைப் பிடிக்க எவரும் படையெடுக்கவில்லை. ஆகவே அதன் மக்கள் காத்திருந்தனர். தலைமுறை தலைமுறையாய் இருந்த உரிமை ஒரு சட்டத்தின் வரியிலே அழிவது எத்தகையது என்பதை 1948 ஐக் கண்ட இந்நாட்டிலே எடுத்துரைத்தல் மிகை.

அவர்கள் சோரவில்லை. 1992 இல் அங்குள்ள அங்கிலிக்கன் மேற்றிராணியாரின் முயற்சியில் ஆணைக்குழு அமைத்து, அந்தப் பழைய பட்டயத்தைக் கையிலேந்தி வாதாடினர். 2002 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள், தீவு காணப்பட்டு ஐந்நூறாண்டு நிறைந்ததாகக் கொண்டாடப்பட்ட அன்று, உரிமை திரும்பிற்று. திரும்பியதும் நடந்தது என்ன? கதவு திறந்தது, இளைஞர் புறப்பட்டனர். 1998 இல் ஐயாயிரத்துக்கு மேலிருந்த குடித்தொகை 2008 இல் 4,200 அளவுக்கு இறங்கிற்று. உரிமை கொடுத்தது தவறென்று இதைக்கொண்டு கூறுவாரும் உளர். நாம் அப்படிக் கூறமாட்டோம். வேலையின்றி மக்களை வைத்திருப்பதற்குக் கதவைப் பூட்டுவது பரிகாரமன்று.

இனிப் போக்குவரத்து. 1977 இல் யூனியன் காசில் கப்பல்கள் நின்றபின், தீவுக்கென்றே ஒரு கப்பல் ஓடவேண்டியதாயிற்று. 1990 முதல் ஓடிய அரச தபாற் கப்பலுக்குத் தீவின் பெயரே இடப்பட்டது. கேப் ரவுணிலிருந்து ஐந்து இரவுப் பயணம். சென்றடைந்தாலும் கரையிலே நேரே இறங்கவியலாது. நடுக்கடலிற் சிறு படகுக்கு மாறி, அலை எழும்பும் தருணம் பார்த்து, கயிற்றைப் பிடித்துப் படியிலே தாவ வேண்டும். கடவுட் புண்ணியத்தில் கிழவிகளும் தாவினர் என்க! 1999 இல் கப்பலின் இயந்திரம் பழுதடைந்தபோது கடைகளிற் சாமான் தட்டுப்பட்டது. சத்திர சிகிச்சை வேண்டிய நோயாளி கப்பல் வரும் நாள்வரை உயிரைக் கையிற் பிடித்திருக்க வேண்டும். சிலருக்கு நாள் வந்தது, சிலருக்கு வரவில்லை.

ஆதலால் விமான நிலையம் வேண்டுமென்று மக்கள் கேட்டது ஆடம்பரத்துக்கன்று. பல்லாண்டு பேசியபின், 2011 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, பள்ளத்தாக்கொன்றைப் பல இலட்சம் கன மீற்றர் கல்லால் நிரப்பி, ஓடுபாதை அமைத்தனர். செலவு 285 மில்லியன் பவுண். தீவிலுள்ளார்க்குத் தலைக்கு அறுபதினாயிரம் பவுணுக்கு மேல். 2016 மே மாதம் திறப்புவிழா என்று நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் காற்று குறுக்கே வந்தது. கடல்மேல் ஓடிவரும் காற்று செங்குத்தான மலைச்சுவரில் மோதித் திடீரென மேலெழும். ஓடுபாதையின் வடமுனையில் இறங்கும் பெரிய விமானத்தை நிலைகுலைக்கும். இங்கிலாந்துப் பத்திரிகைகள் உலகிலேயே பயனற்ற விமான நிலையம் என்று எள்ளி நகையாடின. பாராளுமன்றத்துப் பொதுக்கணக்குக் குழுவும் கண்டித்தது.

இங்கே ஒன்று கூறவேண்டும். 1836 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த சாள்ஸ் டார்வின், ஆயிரம் அடி உயரமான மலைவிளிம்பில் தாம் நின்ற இடத்திலே காற்றே அசையாதிருக்க, சில முழத்துக்கப்பால் பறவைகள் கடுங்காற்றுடன் போராடியதைக் கண்டு வியந்து எழுதிவைத்துள்ளார். 180 ஆண்டுகளுக்கு முன் அச்சான புத்தகம்! அதை இலண்டன் கந்தோரில் எவரும் புரட்டவில்லை போலும்.

எனினும் எள்ளி நகையாடியோருடன் நாமும் சேரோம். பயணிகள் விமானம் தொடங்குமுன்னரே, 2016 இலேயே, நோயாளிகளை அந்த ஓடுபாதையிலிருந்து தென் ஆபிரிக்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றனர். அந்நோயாளியின் தாயிடம் போய்ப் பயனற்ற விமான நிலையம் என்று சொல்லிப் பாருங்கள்! 2017 ஒக்ரோபர் 14 ஆம் நாள் சிறிய ஜெற் விமானத்துடன், ஆசனங்கள் சிலவற்றை வெறுமையாக விட்டு, ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து கிழமைக்கொரு சேவை ஆரம்பமாயிற்று. பழைய கப்பல் 2018 பெப்ரவரியிற் கடைசிப் பயணம் செய்தது. சுற்றுலாப் பயணிகள் பல்லாயிரவராய்க் குவிவர் என்ற கணக்கு மட்டும் பலிக்கவில்லை. வருவோர் சில ஆயிரவரே. விமானக் கட்டணமும் எளியோர்க்கு எட்டுவதன்று.

அந்த விமான நிலையத்துக்கு வீதி வெட்டியபோது வேறொரு கணக்கும் வெளிப்பட்டது. 1840 முதல் பிரித்தானியக் கடற்படை அடிமைக் கப்பல்களைப் பிடித்து, அவற்றிலிருந்த ஆபிரிக்கர் இருபத்தையாயிரம் பேருக்கு மேற்பட்டோரை இத்தீவில் இறக்கியது. ரூப்பேர்ட் பள்ளத்தாக்கின் முகாமிலே நோயினால் ஆயிரக்கணக்கானோர் மாண்டு அங்கேயே புதையுண்டனர். 2008 இல் வீதிக்காகத் தோண்டியபோது 325 பேருடைய எலும்புகள் கிடைத்தன. அவை பதினான்கு ஆண்டு பண்டகசாலையிற் கிடந்து, 2022 இலேதான் மீண்டும் மண்ணுக்குச் சென்றன. நெப்போலியனின் உடல் இருந்த குழியோ, 1840 இலேயே உடல் பாரீசுக்குப் போய்விட்டபோதிலும், பிரெஞ்சு அரசாங்கத்தின் சொத்தாகப் பேணப்படுகிறது. வெறுங் குழிக்கு வேலியும் காவலும். எலும்புக்குப் பதினான்கு வருடக் காத்திருப்பு!

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். காற்றாலையும் சூரிய ஒளியும் ஒரு பங்கு தருகின்றன. எஞ்சியதற்குக் கப்பலில் வரும் டீசலே கதி. செய்தித் தொடர்பிலேதான் பெருமாற்றம். 2015 இலேதான் கைத்தொலைபேசி வந்தது. ஆபிரிக்கக் கரை வழியே செல்லும் ஈக்குவியானோ என்ற கடலடிக் கம்பியிலிருந்து ஒரு கிளை 2021 இல் தீவுக்கு இழுக்கப்பட்டு, 2023 இல் மக்கள் பாவனைக்கு விடப்பட்டது. அடிமையாய் விற்கப்பட்டுத் தன் கதையைத் தானே எழுதிய ஓர் ஆபிரிக்கனுடைய பெயர் அக்கம்பிக்கு வைக்கப்பட்டிருப்பது தற்செயலே. ஆயினும் ரூப்பேர்ட் பள்ளத்தாக்கிலேதான் அது கரையேறியது!

ஆட்சியிலும் சிறிது அசைவு உண்டு. 2021 இல் அமைச்சர் முறை தொடங்கி, தெரிவான பன்னிருவருள் ஒருவர் முதலமைச்சரானார். தேசாதிபதியை அனுப்புவது இன்னும் இலண்டனே. வரவு செலவில் துண்டுவிழும் தொகையை நிரப்புவதும் இலண்டனே. 2021 குடிசனமதிப்பில் 4,400 பேரளவே இருந்த அத்தீவில், ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் என்ன சம்பளம் கொடுக்கலாம் என்பது, அம்மானியம் எவ்வளவென்று தெரிந்த பின்னரே முடிவாகிறது. வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் உத்தியோகத்தர் ஒருவருக்கும், அதே கந்தோரில் அமர்ந்திருக்கும் தீவாருக்கும் உள்ள சம்பள வித்தியாசமே இன்று அங்கே தெருவிற் பேசப்படும் பேச்சு. புதிய கம்பியின் உதவியால், வெளியூர் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமென்று சில இளைஞர் திரும்பி வருவரா என்பதை அத்தீவின் பெற்றோர் பார்த்திருக்கின்றனர்.

நேரம் கடந்துவிட்டது. வினாக்கள் இருப்பின் கேளுங்கள், தெரிந்தவற்றுக்கு விடை கூறுவோம்.