பாக்கெட் இருக்கிறது, தடுப்பூசி அட்டை எங்கே?

எதிர்ப்புச் சக்தி கூடும் என்று என் பேரனுக்கு மாதாமாதம் புரோபயாடிக் பாக்கெட் வாங்கினோம். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தடுப்பூசி அட்டையைத் தேடியபோதுதான், 5-6 வயதில் போடவேண்டிய டிபிடி பூஸ்டர் விட்டுப்போனது தெரிந்தது. ஊராருக்கெல்லாம் பாஸ்புக் சரிபார்த்த குமாஸ்தா நான்! மறுநாளே போட்டோம்.

2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வயிற்றுப்போக்கு வந்த 971 சிறு குழந்தைகளில் ஒரு பாதிக்குப் புரோபயாடிக், மறுபாதிக்கு மருந்தில்லாத தூள் கொடுத்தார்கள். இரண்டுக்கும் பலனில் வித்தியாசமில்லை. வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும்தான்.

டாக்டர் எழுதினால் கொடுங்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு. இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள்.